ஒரு சோற்றுப் பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகம் ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காடு வளர்ந்துகொண்டிருந்தது. வளர்ந்தது கிழக்குப் பக்கமாக; அதற்கு வளர்ச்சிப் பக்கம் என்று பெயர். மேற்கே ரயில் பாதை இருந்தது, அந்தப் பக்கம் வளர ரயில்வே அனுமதி தரவில்லை. காலையில் பார்த்தால் புதிதாக இரண்டு வகுப்பறைகள் முளைத்திருக்கும். காவலாளி டேப்பை எடுத்துக்கொண்டு போய் வராந்தாவை அளந்து, அன்றைய நீளத்தை வாசல் பலகையில் எழுதுவார். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, நடப்பதா, வராந்தாவில் ஓடும் ஷேர் ஆட்டோவில் ஏறுவதா என்று முடிவு செய்வார்கள்.

தரம் வளரவில்லை. அது வளர வேண்டாம், குறையாமல் இருந்தால் போதும் என்று ஆட்சிக்குழு தீர்மானம் போட்டிருந்தது. தரம் ஏழாம் எண் அறையில் இருந்தது. இருபது மாணவர்கள், ஒரு ஆசிரியை, முதுகலைப் புவியியல்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். பானை எவ்வளவு பெரிதானாலும் எடுத்து நசுக்கிப் பார்க்கப்போவது ஒரு சோற்றைத்தான். அந்த ஒன்றை நன்றாக வைத்துக்கொண்டால் பானையைப் பற்றிக் கவலை இல்லை. ஆட்சிக்குழுவில் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் இது உடனே விளங்கியது. பழமொழிக்கு எதிராகக் கை தூக்க யாருக்கு மனம் வரும்?

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு தரக்குழு வந்து ஏழாம் அறையில் கேள்வி கேட்டது. இருபது பேரும் சரியாகப் பதில் சொன்னார்கள். உயர்ந்த தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குழு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனது. மறுநாள் ஆணை வந்தது. ஏழாம் அறை, அதே இருபது பேரோடும் ஆசிரியையோடும், இப்படியே இருக்க வேண்டும்.

இருந்தது. கரும்பலகையில் அன்றைக்கு வரைந்த இந்திய வரைபடத்தை யாரும் அழிக்கவில்லை. கோடு மங்கினால் ஞானசுந்தரி அதன் மேலேயே சாக்பீஸால் இழுத்துக்கொள்வாள். அவள்தான் ஆசிரியை. ஒரே ஒரு பருவத்துக்கு என்று தற்காலிகமாக வந்தவள். வந்தபோது வயது முப்பத்தொன்று. வந்த வேலை முடியவில்லை, அதனால் போகவில்லை.

வீட்டுக்குப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு ஒரு படிவம் இருந்தது. போனபோது இருந்த தரத்தில் ஒரு குன்றிமணி குறையாமல் திரும்பி வருவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குப் போனால் என்ன ஆகுமோ, யார் கண்டது? நேர்மையான பிள்ளைகள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஞானசுந்தரியும் போடவில்லை. தூத்துக்குடியில் அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தார். அவர் தன் வீட்டுப் பால்காய்ப்புக்கு அனுப்பிய அழைப்பிதழ் வராந்தா முழுக்கக் கடந்து அவள் கைக்கு வந்தபோது, அந்த வீட்டுக்கு இரண்டாம் தடவை வெள்ளையடித்து முடித்திருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். சுடிதார், முதுகில் பை, கழுத்தில் வளர்ச்சிப் பக்கத்து அடையாள அட்டை. வேர்த்திருந்தாள்.

"உள்ள வரலாமா மேடம்?"

"வரக் கூடாதும்மா. இருபத்தொண்ணு ஆயிரும்."

"அப்ப இங்கயே நிக்கேன். எங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போவ வந்தேன்."

"யாரு உங்க அப்பா?"

"சொரிமுத்து. மூணாவது பெஞ்சு. பதினேழாம் நம்பரு."

ஞானசுந்தரி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாள். சொரிமுத்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்துகொண்டே, முதுகலை முடித்தால் பதவி உயர்வு உண்டு என்று படிக்க வந்தவர். இருபது பேரில் மூத்தவர் அவர்தான். அவளுக்குப் பிடித்த மாணவரும் அவர்தான். ஆசிரியர்களுக்கு எல்லா மாணவரும் ஒன்றுதான் என்று சொல்வார்களே, அதெல்லாம் சும்மா.

பெண்ணின் பெயர் ஆவுடைச்செல்வி. வளர்ச்சிப் பக்கத்தில் இளங்கலைப் புவியியல் முதலாண்டு. இரண்டு ஷேர் ஆட்டோ மாறி, மிச்சத்தை நடந்து வந்திருந்தாள்.

"இப்ப என்னம்மா திடீர்னு?" என்று கேட்டாள் ஞானசுந்தரி.

"ரேஷன் கார்டு மேடம். எல்லாரும் நேர்ல வந்து கைரேகை வைக்கணும்னு சொல்லிட்டாவ. சனிக்கிழமை கடைசி நாளு. வைக்கலன்னா பேரை எடுத்துருவாவ. அம்மா அழுதுட்டே இருக்காவ. சாமான் போனாப் போவுது, அந்தக் கார்டுல மட்டுந்தான்டி உங்கப்பா நம்ம கூட இருக்காவன்னு சொல்லுதாவ."

ஞானசுந்தரி தண்ணீர் குடித்தாள்.

"உங்க கிளாஸ்ல யாரும்மா நடத்துறாங்க?" என்று பேச்சை மாற்றினாள்.

"நாற்காலி மேடம். பொன்னாடை போத்தி வச்சிருக்காவ. எண்ணூறு பேருக்கு ஒரு நாற்காலி. நல்லாத்தான் நடத்துது. ஏதாச்சும் சந்தேகம் கேட்டா மட்டும் ஒண்ணும் சொல்லாது."

ஞானசுந்தரி மூன்றாவது பெஞ்சுக்குப் போனாள். சொரிமுத்து எழுந்து நின்றார்.

"உங்க பொண்ணு வந்திருக்கு."

"கேட்டுச்சு மேடம்."

"திரும்பிப் பாக்கலியா?"

"கிளாஸ் நடக்குதே மேடம். முடியட்டும்."

"கிளாஸ் முடியாது."

"ஆமா," என்றார் சொரிமுத்து. பிறகு தாழ்ந்த குரலில், "போவணும் மேடம். ரொம்ப நாளாப் போவணும்னுதான் இருக்கு," என்றார்.

மத்தியானம் வளர்ச்சிப் பிரிவின் துணைப் பதிவாளர் பூதலிங்கம் வந்தார். அவரும் ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காடு வளர்ந்துகொண்டிருந்தார். பணி விதியில் அப்படி இருந்தது. சட்டையின் கை முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது. குனிந்து உள்ளே வந்து, குனிந்தபடியே நின்றார்.

"நாளைக்கு மூணு மணிக்குத் தரக்குழு வருது மேடம். பிள்ளைங்க எல்லாம் இருக்காங்கள்ல?"

"ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பணும் சார். பதினேழு."

"தேறினவரா, தேறாதவரா?"

"எல்லாத் தேர்வுலயும் தேறினவர்."

"தேறினவரை எப்படி அனுப்புறது? அவரோட தரமும் வெளிய போயிரும்ல."

"அப்ப யாரைத்தான் அனுப்பலாம்?"

"தேறாதவரை ஒரு நிமிஷம் உள்ள வச்சிருக்கப்படாது. அவரைக் கையோட அனுப்பிரணும்." பூதலிங்கம் கூரையில் இடித்துக்கொள்ளாமல் தலையைச் சொறிந்தார். "ஆனா எடம் காலியா இருக்கக் கூடாது. ஒரு ஆசிரியருக்கு இருபது மாணவர், ஒண்ணுக்கு இருபது. அது ஆடாம அசையாம நிக்கணும். வேணும்னா உங்க வெள்ளிக்கிழமைத் தேர்வு இருக்குல்ல, அதுல பாத்துக்கிடுங்க."

இப்படியாக விஷயம் எளிதாகிவிட்டது. சொரிமுத்து வீட்டுக்குப் போக வேண்டுமானால் வெள்ளிக்கிழமைத் தேர்வில் தோற்க வேண்டும். ஞானசுந்தரி அவரிடம் சொன்னாள். அவர் கண்கள் மலர்ந்தன.

"தப்பா எழுதணும். அவ்வளவுதானே மேடம்?"

"அவ்வளவுதான்."

ஆவுடைச்செல்வி அன்று திரும்பிப் போகவில்லை. வாசலிலேயே பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள். படுத்த இடத்திலிருந்து அப்பாவின் முதுகு தெரிந்தது. சட்டை காலரில் தையல் விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குத் தேர்வு. பத்துக் கேள்விகள். ஞானசுந்தரி ஏற்ற இறக்கமாகக் கேள்வி எழுதியிருந்தாள். தவறுவதற்கு வசதியாக இருக்கட்டுமே என்று இரண்டு கேள்விகளைப் பாடத்துக்கு வெளியிலிருந்தும் சேர்த்திருந்தாள்.

முதல் கேள்வி, தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது? சொரிமுத்து பேனாவை எடுத்தார். கொல்லிமலை என்று எழுதிவிட வேண்டும் என்று ராத்திரியே முடிவு செய்திருந்தார். எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தால் பொதிகைமலை என்று இருந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பொதிகைமலை, கடல்மட்டத்திலிருந்து இன்ன உயரம் என்று கூடுதல் விவரத்தோடு வந்தது.

இடது கையால் எழுதிப் பார்த்தார். கையெழுத்து கோணியது, விடை கோணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். பாடத்துக்கு வெளியே இருந்த இரண்டுக்கும் மிகச் சரியாக எழுதினார். பதினோரு ஆண்டுப் பழக்கம். தொட்டில் பழக்கமே சுடுகாடு மட்டும் என்றால், பெஞ்சுப் பழக்கம் எம்மட்டோ?

பத்துக்குப் பத்து.

"இன்னொரு தாள் தர்றேன். ஒண்ணும் எழுதாதீங்க," என்றாள் ஞானசுந்தரி.

வெற்றுத்தாளை வாங்கிச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். பிழையில்லாத தாளுக்கு முழு மதிப்பெண் என்று இருந்தது. பத்துக்குப் பத்து.

சரியான விடைக்குப் பக்கத்தில் தப்பு என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அவள் அதையும் முயன்றாள். பேனா தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒருவருக்கும் ஒரு மதிப்பெண்ணைக்கூட அவள் கூட்டியோ குறைத்தோ போட்டதில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அன்றைக்கு அந்தப் பெருமையின் மேல் எரிச்சலாக வந்தது. இருந்தும் கை இறங்கவில்லை.

மணி பன்னிரண்டு. சொரிமுத்து மேசை அருகே வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"எனக்குத் தப்பு வரலியே மேடம்."

"கொஞ்சம் யோசிக்க விடுங்க."

"பாப்பா சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். இன்னும் அவர் வாசலைத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. தேர்வு முடிகிற வரை திரும்பக் கூடாது என்பது விதி.

ஞானசுந்தரி வாசலைப் பார்த்தாள். ஆவுடைச்செல்வி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். உயரம் கதவு நிலையில் பாதிக்கு மேல் வந்தது. கேட்கப்போகும் கேள்வியை ஞானசுந்தரி அப்போதே வெறுத்தாள். கேட்டாள்.

"வாய்மொழியா ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்விதான். உங்க பொண்ணுக்கு என்ன வயசு?"

சொரிமுத்து சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"ஏழு மேடம். வார ஆவணிக்கு எட்டு."

பத்தொன்பது பேரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். வாசலில் நின்ற பெண் தன் செருப்பைப் பார்த்தாள்.

"தப்பு," என்றாள் ஞானசுந்தரி.

அந்தச் சொல் தனக்குத்தான் என்று அவருக்குப் புரியவில்லை. தன் விடைக்கு அதை அவர் அந்த அறையில் கேட்டதே இல்லை. அவள் சிவப்புப் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் பதினேழாம் எண்ணுக்கு நேராகச் சைபர் போட்டாள். சைபர் கோழிமுட்டை மாதிரி சாய்ந்தது. ஆனாலும் அது நியாயமான சைபர்.

சொரிமுத்து இடத்துக்குப் போய் நோட்டைத் திறந்துகொண்டு நின்றார். தப்பினால் திருத்தம் எழுத வேண்டும் என்பது மட்டும் அவருக்கு எங்கிருந்தோ நினைவு வந்திருந்தது.

"சரியான விடை என்ன மேடம்?"

"பதினெட்டு," என்றாள் வாசலில் நின்றவள். "பதினெட்டு முடிஞ்சிட்டுப்பா."

அவர் பதினெட்டு என்று எழுதினார். அடிக்கோடு போட்டார். பிறகு மெல்லத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நோட்டு கையிலிருந்து நழுவியது, அவர் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் பூதலிங்கம் குனிந்து உள்ளே வந்தார். தரக்குழுத் தலைவருக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடை கையில் இருந்தது. வியாழக்கிழமையைவிட இப்போது இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தார்.

"தேறலியா? நல்லது. உடனே வெளிய போகச் சொல்லுங்க. குழு ரெண்டாவது ஆட்டோ ஏறியாச்சு."

ஒரு படிவத்தில் சொரிமுத்தின் பெருவிரலை வைத்து எடுத்தார்கள். தரம் இல்லாதவர் என்று அதில் அச்சிட்டிருந்தது. சொரிமுத்து அதை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். கதவைத் தாண்டி வராந்தாவில் இறங்கினார். வராந்தாவின் நீளத்தைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஆவுடைச்செல்வி அவருடைய பையை எடுக்க உள்ளே வந்தாள். பதினேழாம் இடத்தில் பை பெஞ்சுக்கு அடியில் சிக்கியிருந்தது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து குனிந்து இழுத்தாள். தலைக்கு நேர் மேலே மின்விசிறி. முன்னால் பலகை தெளிவாகத் தெரிந்தது. எண்ணூறு பேருக்கு நடுவில் உட்கார்கிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவள் பையை விட்டுவிட்டு நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள்.

"மேடம், அந்த ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் புள்ளி வச்சிருக்கே, அது என்னது?"

கேட்கத் தகுந்த கேள்வி. ஞானசுந்தரிக்கு வாய்வரை பதில் வந்துவிட்டது.

பூதலிங்கம் விரலை நீட்டி எண்ணினார். "இருபது. சரியாப் போச்சு. பிள்ளை கெட்டிக்காரியா இருக்கு. அப்படியே இருக்கட்டும். யாரும் அசையாதீங்க."

"இல்ல சார், அது அவளோட எடம் இல்ல."

"எடத்துக்கு ஆளு வேணும் மேடம். ஆளுக்குத்தானா எடம்?"

ஞானசுந்தரி போய் ஆவுடைச்செல்வியின் கையைப் பிடித்தாள்.

"எந்திரி."

"அந்தப் புள்ளி மேடம்..."

"எந்திரின்னு சொல்றேன்ல! உங்கப்பா வெளிய நிக்காரு. அவருக்கு வழி தெரியாது."

பெண் எழுந்தாள். அவள் எழுந்த கையோடு ஞானசுந்தரி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். குனிந்து பையை ஒரே இழுப்பில் இழுத்து அவள் கையில் கொடுத்தாள். "ஆட்டோல அவரை நடுவுல உக்கார வையி. நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"எட்டு மணிக்கு மேடம்."

"ஏழுக்கே போய் நின்னுருங்க."

பெண் பையோடு ஓடினாள்.

பூதலிங்கம் இதையெல்லாம் குனிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால் அவருக்குக் கோபம் வராது. மறுபடி எண்ணினார். இருபது.

"அப்ப அந்த ஒண்ணு?" என்று கேட்டார்.

ஞானசுந்தரி தன் நாற்காலியைக் கையால் காட்டினாள்.

பூதலிங்கம் யோசித்தார். பிறகு போய், கையில் இருந்த பொன்னாடையை உதறி, நாற்காலிக்குப் போர்த்திவிட்டார். ஓரத்தை நீவிவிட்டார். இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

மூன்று மணிக்குத் தரக்குழு வந்தது. மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரே மூக்குக்கண்ணாடி. அதை மாற்றி மாற்றிப் போட்டு அறையைப் பார்த்தார்கள். வரைபடத்தைப் பார்த்தார்கள். நாற்காலிக்கு வணக்கம் சொன்னார்கள். இளநீர் வந்தது, குடித்தார்கள்.

"எண்பதாயிரம் பேர் படிக்கிற இடத்துல இப்படி ஒரு வகுப்பை வச்சிருக்கீங்களே, பெரிய விஷயம்," என்றார் தலைவர்.

"எல்லாம் இதே மாதிரிதான் சார்," என்றார் பூதலிங்கம்.

"யாராவது ஒருத்தரைக் கேட்டா போதும். ஒரு சோறு பதம், இல்லையா?" தலைவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பெஞ்சு வரிசையில் விரலை ஓட்டினார். விரல் மூன்றாவது பெஞ்சில் நின்றது. "நீங்க சொல்லுங்கம்மா. பதினேழு."

ஞானசுந்தரி எழுந்து நின்றாள். எல்லா ஆறுகளும், எல்லா மலைகளும், எல்லா மழை அளவுகளும் அவளுக்குத் தெரியும். எதை வேண்டுமானாலும் கேட்கட்டும். திறந்த கதவு வழியாக வராந்தா தெரிந்தது. வெகு தூரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. அதன் ஹாரன் சத்தம் இவ்வளவு நேரம் கழித்து இப்போதுதான் அறைக்கு வந்து சேர்ந்தது.

தலைவருக்குப் புவியியல் தெரியாது. தனக்குத் தெரிந்த ஒரு கேள்வியை யோசித்தார்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு," என்றாள் ஞானசுந்தரி.

தலைவர் பேனாவைத் திறந்தார். திரும்பி ஆசிரியரைப் பார்த்தார். பொன்னாடையின் சரிகை மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடியது. நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை.

தலைவர் டிக் போட்டார்.